சைன்ஃபெல்ட் முதல் எபிசோட்: இதைத் தாண்டி எப்படிப் போனீர்கள்?

மொட்டைமாடி எழுதியது:

அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால் நேற்று ராத்திரி நெட்பிளிக்ஸில் சைன்ஃபெல்ட் என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினேன். உலகத்திலேயே மிகச் சிறந்த சிட்காம் என்றார். முதல் எபிசோட் முடிந்ததும் எந்த உலகத்தில் என்று கேட்கத் தோன்றியது.

ஜெர்ரி என்ற மேடைக் காமெடியன், அவர் நண்பர் ஜார்ஜ், இந்த இரண்டு ஆண்கள் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்புறம் காசு போட்டுத் துணி துவைக்கும் இடத்தில் டிரையர் சுற்றுவதைப் பார்த்தபடி பேசுகிறார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து அதே பேச்சு. நடுநடுவே ஜெர்ரி மேடையேறி மைக்கைப் பிடித்து ஜோக் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கையில் இரண்டு பிரெட் துண்டுகளோடு வந்து இறைச்சி இருக்கிறதா என்று கேட்கிறார். மனிதர் கரண்ட் குறைந்த நேரத்து ஃபேன் மாதிரி இயங்குகிறார். மிச்சிகனில் அறிமுகமான ஒரு பெண் நியூயார்க் வருகிறாள், ஜெர்ரி வீட்டில் தங்கலாமா என்று கேட்கிறாள், அவளுக்கு இவர்மேல் ஆசையா இல்லையா என்று எபிசோட் முழுக்க ஆராய்ச்சி. கடைசியில் அவளுக்கு ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டதாம்.

சண்டை போட வரவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். மேலே தொடரலாமா? இல்லை, தொடர் முழுக்க இப்படித்தானா?

ராத்திரி ரயில் எழுதியது:

முதல் சீசனையே விடுங்கள். இரண்டாவது சீசனில் "சைனீஸ் ரெஸ்டாரன்ட்" என்று ஒரு எபிசோட் உண்டு. அதைப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானது இல்லை. நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம்.

பழைய டிவி எழுதியது:

மொட்டைமாடி, நீங்கள் எழுதியதை 1989-லேயே எழுதிவிட்டார்கள். ஒளிபரப்புவதற்கு முன் என்.பி.சி. டிவி நிறுவனம் இந்த எபிசோடைச் சோதனைப் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டியது. வந்த அறிக்கையின் தீர்ப்பு: பலவீனம். திரும்பப் பார்க்க யாருக்கும் ஆர்வமில்லை. துணை நடிகர்கள் யாரும் மனதில் ஒட்டவில்லை. துணி துவைக்கப் போவதில் பரவசப்பட என்ன இருக்கிறது என்ற கருத்துகூட அதில் இருக்கிறது. பிற்பாடு, தொடரைச் சேர்ந்து உருவாக்கிய ஜெர்ரி சைன்ஃபெல்டும் (தன் பெயரிலேயே நடிப்பவர்) லாரி டேவிட்டும் அந்த அறிக்கையைக் கழிவறைச் சுவரில் மாட்டி வைத்தார்கள்.

அப்போது தொடரின் பெயரே வேறு, "தி சைன்ஃபெல்ட் க்ரானிக்கிள்ஸ்". 1989 ஜூலை 5 அன்று ஒளிபரப்பானது. அமெரிக்காவில் ஜூலை மாதம் என்றால் வேண்டாத பைலட்டுகளை, அதாவது தொடராக்கலாமா என்று பார்க்க எடுக்கும் மாதிரி எபிசோடுகளை, தள்ளிவிடும் மாதம். அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டியது. பிழைக்க வைத்தவர் என்.பி.சி. அதிகாரி ரிக் லட்வின். அவர் நகைச்சுவைத் தொடர்கள் பிரிவில் இல்லை, பின்னிரவு நிகழ்ச்சிகளையும் சிறப்பு நிகழ்ச்சிகளையும் கவனித்தவர். தன் பிரிவின் பணத்திலிருந்து, பாப் ஹோப் என்ற பழைய காமெடியனின் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றை விட்டுக்கொடுத்து, நான்கு எபிசோடுகளுக்கு வழி செய்தார். நான்கே நான்கு! வழக்கமாகச் சிட்காமுக்குப் பதின்மூன்று கேட்பார்கள். அந்த நான்கும் வரத் தொடங்கியது 1990 மே 31 அன்றுதான். பைலட்டுக்கும் அடுத்த எபிசோடுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பதினோரு மாதம் போய்விட்டது. நெட்பிளிக்ஸில் ஒன்று முடிந்த சில நொடிகளில் அடுத்தது ஓடுவதால் இந்த இடைவெளி நமக்குத் தெரிவதில்லை.

ஆக, நீங்கள் பார்த்தது தொடரின் முதல் எபிசோட் என்பதை விட, கைவிடப்பட இருந்த ஒரு மாதிரி என்பதுதான் சரி.

கொத்தமல்லி எழுதியது:

எல்லோரும் மன்னிப்புக் கேட்கிற தொனியிலேயே பேசுகிறீர்களே. எனக்கு அந்த எபிசோட் பிடிக்கும். வரலாறு தெரிந்ததால் இல்லை, சிரிப்பு வந்ததால்.

அந்தப் பெண் தங்க வருகிறாள் என்று ஜெர்ரி கூடுதலாக ஒரு மெத்தையை வீட்டுக்குள் இழுத்து வருவார். உன்னோடு படுக்க வரும் பெண்ணுக்குத் தனி மெத்தையா, பேசாமல் இன்னொரு ஆளையும் கூட்டி வந்துவிடேன் என்பார் ஜார்ஜ். இதற்கு யார் சிரிக்காமல் இருக்க முடியும்? விமான நிலையக் காட்சியும் அப்படித்தான். அவள் கை கொடுத்தால் என்ன அர்த்தம், கட்டிப்பிடித்தால் என்ன அர்த்தம் என்று இருவரும் அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். அவளோ பின்னாலிருந்து வந்து கண்ணைப் பொத்தி யாரென்று சொல் என்பாள். அட்டவணையில் இல்லாத ஒன்று! இந்தத் தொடரின் மொத்த மூளையும் அங்கேயே இருக்கிறது. சின்ன விஷயத்துக்குப் பெரிய சட்டப் புத்தகம் எழுதுவது, அப்புறம் வாழ்க்கை அதில் இல்லாத ஒரு பிரிவில் வந்து நிற்பது.

வடக்குவீதி எழுதியது:

எழுத்து நன்றாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வசனங்களைச் சொல்பவர் நமக்குத் தெரிந்த ஜார்ஜ் இல்லையே, அதுதான் என் பிரச்சினை.

பைலட்டில் வரும் ஜார்ஜைக் கவனியுங்கள். தெளிவானவர். பெண்களைப் பற்றி ஜெர்ரிக்குப் பாடம் எடுக்கிறார். அவள் வேறு வேலையாக ஊருக்கு வருகிறாள், நீ அவளுக்கு ஒரு மாற்று ஏற்பாடு மட்டுமே என்று பிரித்துப் போட்டுக் காட்டுகிறார். அனுபவஸ்தர் மாதிரியான பேச்சு. நமக்குத் தெரிந்த ஜார்ஜ் கான்ஸ்டான்ஸா பொய் சொல்லி மாட்டிக்கொள்பவர், அப்பா அம்மாவிடம் கத்துபவர், தன்னிரக்கத்திலேயே ஊறிக் கிடப்பவர். அவருடைய அறிவுரையைக் கேட்டு யாராவது ஒரு பெண்ணை அழைத்துவர விமான நிலையம் போவார்களா?

காரணமும் தெரிந்ததுதான். ஜார்ஜாக நடிக்கும் ஜேசன் அலெக்ஸாண்டர் ஆரம்பத்தில் நடிகர்-இயக்குநர் வூடி ஆலனை மனதில் வைத்து நடித்தார். அந்தக் கண்ணாடி, அந்தப் பேச்சு வேகம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஒரு நாள் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு லாரி டேவிட்டிடம் போய், இப்படி யாருக்கும் நடக்காது, நடந்தாலும் யாரும் இப்படி நடந்துகொள்ள மாட்டார்கள் என்றிருக்கிறார். லாரியோ, எனக்கு நடந்தது, நான் இப்படித்தான் நடந்துகொண்டேன் என்று பதில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஜேசன் நடித்தது லாரியை. ஜார்ஜ் பிறந்தது அந்தப் பேச்சில்தான், பைலட்டில் இல்லை.

மொட்டைமாடி எழுதியது:

இத்தனை பதில்களை எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். போஸ்டரில் நான்கு பேர் இருக்கிறார்கள். அந்தப் பெண் முதல் எபிசோடில் வரவே இல்லையே? கடையில் காபி ஊற்றும் பெண்மணியா அவர்? முகம் வேறு மாதிரி இருக்கிறது.

நாற்காலிநுனி எழுதியது:

இல்லை. காபி ஊற்றுபவர் கிளேர். நடித்தவர் லீ கார்லிங்டன். அந்தக் கடையும் வேறு, பைலட்டில் பீட்ஸ் லஞ்சனெட். இவர்கள் வழக்கமாக உட்காரும் மங்க்ஸ் கடை பின்னால்தான் வரும். போஸ்டரில் இருப்பவர் எலைன், ஜூலியா லூயி-ட்ரைஃபஸ். நான்கு எபிசோடுகளுக்கு ஒப்புக்கொண்டபோது என்.பி.சி. ஒரு பெண் பாத்திரம் வேண்டும் என்றது. அதனால் வந்தவர்.

பொதுவாக டிவி நிறுவனங்கள் இப்படித் திணிப்பதை எல்லோரும் திட்டுவார்கள். இந்த ஒரு தடவை அவர்கள் கேட்டது சரியாக அமைந்துவிட்டது. பைலட்டின் கதையை யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் மனதில் என்ன இருக்கிறது என்று இரண்டு ஆண்கள் ஊகிக்கிறார்கள். கடையில், துணி துவைக்கும் இடத்தில், விமான நிலையத்தில், எல்லா இடத்திலும் ஊகம். மேசையில் அவர்களோடு உட்கார்ந்து, முட்டாள்களே அவள் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல ஆள் இல்லை. மிச்சிகனில் அறிமுகமான அந்த லாராவும் ஒரு பாத்திரம் இல்லை, புதிர் மட்டும்தான். காலணியைக் கழற்றுகிறாள், ஒயின் கேட்கிறாள், விளக்கைக் குறைக்கச் சொல்கிறாள், போன் வருகிறது, நிச்சயமானவர் பேசுகிறார். அவள் யார் என்று நமக்குக் கடைசிவரை தெரியாது.

எலைன் வந்த பிறகு அதே மாதிரிக் கதையிலும் காற்றோட்டம் வந்துவிடுகிறது. அவர் ஜெர்ரியின் பழைய காதலி, இப்போது தோழி. அவரிடம் இவர்களால் கதை விட முடியாது. அதோடு அவரும் இவர்களைப் போலவே சுயநலக்காரர், இவர்களைப் போலவே அற்பக் காரணத்துக்கு ஆண்களைக் கழற்றிவிடுபவர். நல்லவேளை, ஆண்களைத் திருத்த வந்த அறிவாளிப் பெண்ணாக அவரை எழுதவில்லை.

எனவே கொத்தமல்லி, உங்கள் மெத்தை ஜோக் நல்ல ஜோக்தான். அது இரண்டு பேர் மட்டும் பேசும் அறையில் சொல்லப்பட்ட ஜோக் என்பதுதான் குறை.

கொத்தமல்லி எழுதியது:

எலைன் இல்லாதது குறை என்பதில் மறுப்பில்லை. ஆனால் பின்னால் வந்ததை வைத்து முன்னால் வந்ததை அடிப்பது நியாயமா? 1989 ஜூலையில் பார்த்தவருக்கு எலைன் என்று ஒருவர் வரப்போவது தெரியாது. அந்த ராத்திரி டிவியில் ஓடிய மற்ற சிட்காம்களோடு வைத்துப் பாருங்கள். குழந்தைகள், சோபா, கடைசியில் அப்பா சொல்லும் நல்ல வார்த்தை, மெல்லிய இசை. இங்கே அது எதுவும் இல்லை. லாராவோடு ஐந்து மணி நேரப் படகுப் பயணத்துக்கு முன்கூட்டியே ஒத்துக்கொண்டு ஜெர்ரி மாட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான். யாரும் யாரையும் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லவில்லை.

பழைய டிவி எழுதியது:

கட்டிப்பிடிப்பதும் கூடாது, பாடம் கற்பதும் கூடாது என்பது லாரி டேவிட் தொடர் முழுக்க வைத்திருந்த விதி. பைலட்டிலேயே அது இருக்கிறது என்று கொத்தமல்லி சொல்வது சரிதான்.

மொட்டைமாடி எரிச்சலோடு சொன்ன இன்னொன்றையும் தொடுகிறேன், அந்த மேடை ஜோக்குகள். "எதையும் பற்றியல்லாத தொடர்" என்று எங்கும் படித்திருப்பீர்கள். நான்காவது சீசனில் ஜெர்ரியும் ஜார்ஜும் என்.பி.சி.க்கே போய் ஒரு தொடரை விற்கப் பார்க்கும் கதை வரும். அங்கே ஜார்ஜ் சொல்லும் வர்ணனை அது. நிஜத்தில் இவர்கள் விற்றது வேறு: ஒரு காமெடியனுக்கு ஜோக் எங்கிருந்து கிடைக்கிறது என்பதைக் காட்டுவது. பகலில் நடப்பதைக் காட்டி, ராத்திரி அது மேடையில் என்னவாகிறது என்று காட்டுவது. முதலில் ஒரே ஒரு தொண்ணூறு நிமிட நிகழ்ச்சியாகத்தான் யோசித்தார்கள்.

அதனால்தான் பைலட்டில் மேடைத் துண்டுகள் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கின்றன. என் கருத்தில் அந்த எபிசோடின் பெரிய பலவீனம் அதுதான். ஜார்ஜும் இல்லை, கெஸ்லரும் இல்லை. காட்சி மெல்லச் சூடு பிடிக்கும், உடனே வெட்டி மேடைக்குப் போய்விடும். மேடையில் சொல்லும் ஜோக்கை விட அதற்கு முன் இருவரும் சும்மா பேசியது வேடிக்கையாக இருக்கும். டிரையரில் துணியை அளவுக்கு மீறிக் காய வைக்க முடியாது என்ற அந்த உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்ரி அதை மேடையில் தனியாகச் சொல்லியிருந்தால் பாதிகூட எடுபடாது. எதிரில் ஜார்ஜ் உட்கார்ந்து வாதாட வேண்டும். இதை அவர்களும் போகப் போகக் கண்டுகொண்டார்கள். மேடைத் துண்டுகள் மெலிந்துகொண்டே வந்து, லாரி விலகிய பிறகு வந்த கடைசி இரண்டு சீசன்களில் இல்லாமலே போயின.

ராத்திரி ரயில் எழுதியது:

கெஸ்லரா? யார் அது?

பழைய டிவி எழுதியது:

கிரேமர்தான், பிரெட் துண்டுகளோடு வரும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். லாரி டேவிட்டின் எதிர்வீட்டில் நிஜமாகவே கென்னி கிரேமர் என்றொருவர் இருந்தார். அவர் பெயரைப் பயன்படுத்தினால் சிக்கல் வருமோ என்ற தயக்கத்தில் பைலட்டில் கெஸ்லர் ஆக்கினார்கள். அப்புறம் ஒப்பந்தம் போட்டுக் கிரேமர் ஆனார். ஒன்பதாவது சீசனில், பின்னாலிருந்து முன்னால் ஓடும் எபிசோடில், இதற்கு ஒரு சமாளிப்பும் வைத்திருப்பார்கள். வாசல் மணிப் பலகையில் கெஸ்லர் என்று இருந்ததால் ஜெர்ரி அப்படி நினைத்துக்கொண்டாராம்.

வடக்குவீதி எழுதியது:

கெஸ்லரை மட்டும் யாரும் காப்பாற்ற முயல வேண்டாம். அவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார்! தட்டிவிட்டு! பத்து வருஷமாகக் கட்டடத்தை விட்டு வெளியே போகாத மனிதராம், ஒரு நாய் வேறு. அதாவது பரிதாபத்துக்குரிய தனிமைவாசி. அவராக நடிக்கும் மைக்கேல் ரிச்சர்ட்ஸின் உடம்புதான் அந்தப் பாத்திரத்தின் உயிர். அந்த உடம்பு பைலட்டில் இன்னும் விழித்துக்கொள்ளவே இல்லை.

நாற்காலிநுனி எழுதியது:

ஆனாலும் ஒரு இடம் நன்றாக வந்திருக்கிறது. ஜெர்ரி பேஸ்பால் ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்து, யாரும் முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்று போனில் வருபவரிடமெல்லாம் எச்சரித்துக்கொண்டிருப்பார். கெஸ்லர் உள்ளே வந்த வேகத்தில் மெட்ஸ் அணி தோற்றதைச் சொல்லிவிடுவார். அதைக் கெஸ்லர் செய்யவில்லை, கிரேமர் செய்கிறார்.

ராத்திரி ரயில் எழுதியது:

இதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. அந்தச் சட்டைப் பொத்தான் பேச்சு இருக்கிறதே, 1998-இல் கடைசி எபிசோடில் சிறைக்குள் உட்கார்ந்து அதே பேச்சைத் திரும்பப் பேசுவார்கள். அதற்காகவாவது பைலட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

மொட்டைமாடி எழுதியது:

கடைசி எபிசோடில் சிறைக்குப் போகிறார்கள் என்பதை எனக்கு இப்போதே சொன்னதற்கு மிக்க நன்றி, கெஸ்லர் சார்.

ராத்திரி ரயில் எழுதியது:

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அண்ணா. அமெரிக்காவில் மட்டும் ஏழு கோடிக்கு மேற்பட்டவர்கள் அன்று ராத்திரி பார்த்துவிட்டார்கள். ரகசியமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

வாடகைவீடு எழுதியது:

புதிதாக வருகிறேன். முதல் எபிசோட் என்றால் தடுமாறத்தான் செய்யும் என்று இங்கே எல்லோரும் சுலபமாக எடுத்துக்கொள்கிறீர்கள். அப்படி ஒன்றும் கட்டாயம் இல்லை. அதே என்.பி.சி.யில் 1982-இல் வந்த "சியர்ஸ்" முதல் எபிசோடைப் பாருங்கள். ஒரே மதுக்கடை, ஒரு மாலைப்பொழுது. டயான் வருங்காலக் கணவனோடு வருகிறாள், அவன் அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறான். முடிவில் அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்கிறாள். பாத்திரங்கள் எல்லாம் முதல் நாளே முழுதாக நிற்கின்றன. பார்வையாளர்கள் ஆரம்பத்தில் வராமல் போனது வேறு கதை. எழுத்தில் தடுமாற்றமே இல்லை.

சைன்ஃபெல்ட் பைலட் தடுமாறியதற்குக் காரணம், அதை எழுதிய இருவருக்கும் சிட்காம் எழுதிப் பழக்கமில்லை என்பதுதான். ஜெர்ரி மேடைக்காரர். லாரி டேவிட்டும் மேடைக்காரர், "சாட்டர்டே நைட் லைவ்" என்ற காமெடி நிகழ்ச்சிக்கு ஒரு சீசன் எழுதியவர். அரை மணி நேரக் கதையை எப்படி முடிச்சுப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் பின்னால் பலமாக மாறியது. தெரிந்தவர்களாக இருந்திருந்தால் "சைனீஸ் ரெஸ்டாரன்ட்" எழுதியிருக்க மாட்டார்கள்.

கொத்தமல்லி எழுதியது:

இதைத்தான் நான் மேலே சொல்ல முயன்றேன். நீங்கள் சுருக்கமாகச் சொல்லிவிட்டீர்கள்.

மொட்டைமாடி எழுதியது:

சரி, பார்த்துவிட்டேன். "சைனீஸ் ரெஸ்டாரன்ட்".

மேசைக்காக மூன்று பேர் காத்திருக்கிறார்கள். மேசை கிடைக்கவில்லை. அவ்வளவுதான் கதை, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எலைன் பசியில் பக்கத்து மேசைத் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடப் போகும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். ஜார்ஜ் பொதுத் தொலைபேசிக்காக அலைவது வேறு.

ஆனால் நேரே அதற்குப் போ என்ற யோசனையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பைலட்டில் அந்த ஜார்ஜைப் பார்த்த பிறகு இந்த ஜார்ஜைப் பார்த்ததால்தான் வித்தியாசம் முகத்தில் அடித்த மாதிரி தெரிந்தது. பைலட் நல்ல எபிசோட் என்று சொல்ல மாட்டேன். மேடை ஜோக்குகளை இப்போதும் தாங்க முடியவில்லை. மெத்தை ஜோக் மட்டும் கொத்தமல்லிக்காக ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது முதல் சீசனில் மிச்சம் இருக்கும் நான்கையும் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வரிசை ஏதாவது உண்டா?

பழைய டிவி எழுதியது:

அந்த நான்கில் முதலில் படமெடுத்தது "மேல் அன்பாண்டிங்" (Male Unbonding). ஒளிபரப்பில் முதலில் வந்தது "தி ஸ்டேக் அவுட்". எலைனை முறையாக அறிமுகம் செய்வது அதில்தான். எனவே அதிலிருந்தே தொடங்குங்கள். இசையும் பிரசித்தி பெற்ற அந்த பாஸ் கிட்டார் ஒலிதான், ஜொனதன் வுல்ஃப் போட்டது. 1989-இல் பைலட் முதலில் ஒளிபரப்பானபோது வேறு ஒருவரின் இசை இருந்தது.

வடக்குவீதி எழுதியது:

"மேல் அன்பாண்டிங்" சுமார். பைலட்டை விட சுமார் என்றே சொல்வேன். சின்ன வயதில் ஒன்றாக விளையாடியதால் ஒட்டிக்கொண்ட ஒரு நண்பனை எப்படிக் கழற்றிவிடுவது என்பது கதை. விஷயம் அருமை. ஆனால் இழுவை.

நாற்காலிநுனி எழுதியது:

அதில் ஜெர்ரி அந்த ஆளோடு ஒரு பெண்ணை விட்டு விலகுவது போலப் பேசி உறவை முறிக்கப் பார்ப்பார், அவன் உணவகத்திலேயே அழுதுவிடுவான். அந்தக் காட்சியை இழுவை என்கிறீர்களா?

வடக்குவீதி எழுதியது:

அந்தக் காட்சி சரி. மீதி இருபது நிமிடத்தைச் சொல்கிறேன்.

வாடகைவீடு எழுதியது:

மொட்டைமாடி, நெட்பிளிக்ஸில் படத்தின் மேலும் கீழும் வெட்டி அகலத் திரைக்கு நீட்டியிருக்கிறார்கள். சாலைக் குழியைப் பற்றிய எபிசோட் ஒன்று உண்டு, அதில் அந்தக் குழியே திரைக்கு வெளியே போய்விட்டது. பழைய டிவிடி எங்காவது கிடைத்தால் அதில் பாருங்கள்.

மொட்டைமாடி எழுதியது:

டிவிடி பிளேயர் இருந்தால்தானே. "ஸ்டேக் அவுட்" இன்று ராத்திரி. ராத்திரி ரயில் மட்டும் தயவுசெய்து ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் வராமல் இருக்கவும்.